அய்யாவின் கிணறும் ஒருநாள் கோர்ட்டும்

எங்கள் அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். பரளச்சிப் பக்கத்துக் கரிசலில் அவருக்கு ஒரு கிணறும், அந்தக் கிணற்றால் ஒரு வழக்கும் உண்டு. பக்கத்துத் தோட்டக்காரர் தன் கிணற்றை ஆழப்படுத்தியதால் எங்கள் கிணறு வற்றிவிட்டது என்பது வழக்கு. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் போட்டது, மதுரையில் சட்டம் படிக்கப் போன பிறகும் அருப்புக்கோட்டை கோர்ட்டில் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருந்தது. என்னைச் சட்டம் படிக்க வைத்ததே அந்த எரிச்சலில்தான்.

எண்பதுகளின் கடைசியில், நான் இறுதியாண்டு படிக்கும்போது ஒரு போட்டி வைத்தார்கள். கற்பனையான ஒரு வழக்கில் மாணவர்கள் வக்கீலாக நின்று வாதாட வேண்டும், பேராசிரியர்கள்தான் நீதிபதிகள். ஜெயிப்பவருக்குப் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் ஒரு மாதம் படிக்கிற வாய்ப்பு. அதற்கு அப்பா கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேண்டும். அய்யா மசியவில்லை.

"பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்ப மாட்டேன். வேணும்னா வாரேன், நீ பேசுறதப் பாக்குறேன். பெறகு யோசிப்போம்" என்றார்.

போட்டிக்கு முதல்நாள் வழக்கைக் கையில் கொடுத்தார்கள். ஒருவர் கிணற்றை ஆழமாகத் தோண்டுகிறார், அடுத்தவர் கிணறு வற்றுகிறது. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு வந்தது தோண்டியவர் பக்கம். உலகத்தில் இத்தனை வழக்கு இருக்க, தேடிப்பிடித்து இதையா எழுதுவார்கள்! நன்றாகப் பேசினால் அய்யா முகம் சுருங்கும். சொதப்பினால் பெங்களூர் போச்சு. இருதலைக்கொள்ளி எறும்பானேன்.

மறுநாள் அய்யா சலவை வேட்டி சட்டையில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பேராசிரியர்கள் கறுப்பு அங்கியோடு நுழைந்ததும், துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார். பழக்க தோஷம்.

முதல் இரண்டு வாக்கியம் திணறினேன். பிறகு எங்கிருந்து வந்ததோ, வாய் நிற்கவில்லை. மண்ணுக்கடியில் தடம் தெரியாமல் ஊறிவரும் தண்ணீர் எவருக்கும் தனிச்சொத்தல்ல, தன் நிலத்தில் தோண்டி எடுத்துக்கொள்ள அவரவருக்கு உரிமை உண்டு என்று அடித்துப் பேசினேன். "அடுத்தவர் பயிர் கருகிப்போனதே" என்று எதிர்த்தரப்பு மாணவர் உருகியபோது, அய்யா பின்னாலிருந்து பலமாகத் தலையாட்டினார். அதைப் பார்த்துக்கொண்டேதான் அந்த வாதத்தை உடைத்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பத்து மடங்கு சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

சாயங்காலமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கிணறு தோண்டியவருக்கே வெற்றி, பரிசு எனக்கு. அய்யா பக்கத்திலிருந்த என் தோழியிடம், "ஒரே நாள்லயா? வாய்தா கெடையாதா?" என்று கேட்டாராம்.

ஊருக்குத் திரும்பும் பஸ் காரியாபட்டி தாண்டியதும் அய்யா என் பக்கம் சாய்ந்தார்.

"ஏன் தாயி, இந்தத் தீர்ப்பு அருப்புக்கோட்ட கோர்ட்டுக்குச் செல்லுமா?"

"செல்லாதுய்யா. இது நாங்க பேசிப் பழகுறதுக்கு வச்சது."

பெரிதாக மூச்சு விட்டார். பாளையம்பட்டி நெருங்கும்போது சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சம்மதக் கடிதத்தை எடுத்து, "பேனாவக் குடு" என்றார். ஓடுகிற பஸ்ஸில் முழங்காலில் வைத்துக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெங்களூரு போயி நல்லாப் படி. ஆனா ஒண்ணு, நீ இன்னைக்குப் பேசுனது அந்தத் தோட்டக்காரன் காதுல மட்டும் விழுந்துறக் கூடாது."

நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மறுநாள் காலையில் பால் வாங்கப் போனால், டீக்கடை வாசலில் அய்யா நான் பேசியதை ஒன்றுவிடாமல் கையை வீசி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் முன்வரிசையில், டீயைக்கூட ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் பக்கத்துத் தோட்டக்காரர்.