தண்ணீர் குடித்த பலகை

தேவிகுளத்தில் பழைய பங்களா ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த வாசம். அப்படியே நின்றுவிட்டேன். அம்மாவின் கைகளில் எப்போதும் இருந்த வாசம் அது.

நான் சின்னவளாக இருந்தபோது, தேயிலை எஸ்டேட் மேனேஜர் பங்களாவில் அம்மாவுக்குத் தரை வேலை. வார்னிஷ் காணாத தேக்குப் பலகைகள். துணியை ஒட்டப் பிழிந்து, மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே துடைப்பாள். நன்றாகக் காய்ந்தபின் எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைப் பழைய சேலைத் துணியால் ஒற்றியெடுப்பாள். வெளுத்துக் கிடந்த மரம் தேன் நிறத்துக்குத் திரும்பும்.

கூட வேலை பார்த்தவள் செல்வி சித்தி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஒருநாள் அம்மா துணி காயப்போடப் போன நேரத்தில், சீக்கிரம் முடிக்க நினைத்துச் சித்தி வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிக் கழுவிவிட்டாள். அம்மா ஓடிவந்து துடைத்தும் பலனில்லை. பலகைகள் ஊதி, விளிம்புகள் தூக்கிக்கொண்டன.

மேனேஜரின் மனைவி கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"யக்காதான் ஊத்துனாங்க மேடம். நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றாள் சித்தி.

அம்மாவைக் கொழுந்தெடுக்க அனுப்பிவிட்டார்கள். சில நாள் கழித்துச் சித்தி எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"யக்கா, எண்ணெயில டர்பன்டைன் எவ்வளவு ஊத்தணும்?"

அம்மா அளவைச் சொன்னாள்.

"அவளுக்கு ஏம்மா சொல்லிக் கொடுத்த?" என்று கத்தினேன்.

"பலகை என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதன்பின் செல்வியை நான் சித்தி என்று கூப்பிட்டதேயில்லை.

விடுதிக்காரர் அறைச் சாவியை நீட்டினார். வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.