படத்தில் நாலாவது ஆள்

என் தங்கைக்கு டிஜிட்டல் கேமரா வேண்டுமாம். அவள் போனிலேயே மூன்று கண் வைத்த கேமரா இருக்கிறது, அது போதாதாம். அந்தக் காலத்துச் சின்ன கேமராதான் இப்போது அவள் சிநேகிதிகளின் கையில் எல்லாம் இருக்கிறதாம். விலை கைக்கு அடங்க வேண்டும், பையில் போட்டால் கனக்கக் கூடாது, பஸ்ஸில் போகிறபோதும் டீ குடிக்கிறபோதும் கண்ணில் பட்டதை எடுக்க வேண்டும். "அண்ணா, நீதான் பாத்து வாங்கித் தரணும்" என்று சொல்லிவிட்டாள்.

கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பதென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கேமரா விஷயத்தில் மட்டும் எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. சின்ன வயதில், ஒரே நாளில் கடைக்காரர்கள் காட்டிய கேமராக்களில் எல்லாம் குற்றம் கண்டுபிடித்தவன் நான். அன்றைக்கு வாங்கிய கேமரா எப்போதோ செத்துப்போய்விட்டது. அதில் எடுத்த முதல் படம் மட்டும் இன்னும் சுவரில் தொங்குகிறது. "எல்லாரும் கீறீங்க, நான் மட்டும் இல்ல" என்பது தங்கையின் நெடுநாள் குறை.

அப்போது எங்கள் வீடு அடையாற்றின் கரையில் இருந்தது. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டிருந்தேன். எழுந்து நின்று வாசி என்றால் எனக்கு வேர்த்துக் கொட்டும். உட்கார்ந்தபடியே வாசிக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் வழி இல்லை.

அப்பா தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே வரும் போட்டோக்காரர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டது. மாப்பிள்ளை பெண்ணை எடுக்க அல்ல. ஆற்றில் இறங்கிய எருமை, தண்ணி லாரிக்கு வரிசையாக வைத்த பிளாஸ்டிக் குடங்கள், பஸ் படியில் தொங்குகிறவர்கள், இவற்றை எடுக்க வேண்டும். இரண்டு கை விரல்களையும் சட்டம் மாதிரி கோத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தெருவில் அங்கங்கே நின்றுவிடுவார். ரோல் போடுகிற கேமரா வாங்கினால் கழுவுகிற செலவு தாங்காது. டிஜிட்டல் என்றால் வேண்டிய அளவு எடுக்கலாம், பிடிக்காததை அழித்துவிடலாம். ஆகவே டிஜிட்டல்தான்.

எந்த டிஜிட்டல் என்பதில்தான் வந்தது சிக்கல். மண்டபத்தில் ஒருவர், ஜூம் இல்லாத கேமராவைத் தொடவே தொடாதே என்பார். மறுநாள் வருகிறவர், "ஜூம் கெடக்குதுண்ணே, இன்னா செல்லு போடுதுன்னு பாரு. பொட்டிக்கடையில விக்கிற பென்சில் செல் போட்டாதான் உனக்குக் கட்டுப்படியாவும்" என்பார். அப்பா ஒவ்வொரு யோசனையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சோற்றோடு பிசைந்து சாப்பிடுவார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மொதல்ல மேல கீற ஓட்டைய அடை. அப்பால படம் புடிக்கலாம்" என்பாள். "தீபாவளி வரட்டும்" என்று அப்பா சமாதானம் சொல்லிக்கொள்வார். எத்தனை தீபாவளி என்று நான் கேட்டதில்லை.

படம் எடுப்பதில் அம்மாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. மூன்று பேராக நிற்கக் கூடாது. நின்றால் ஒருத்தர் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் இருந்ததோ சரியாக மூன்று பேர். அதனால் எங்கே படம் எடுத்தாலும் நாலாவதாக யாரையாவது இழுத்து நிறுத்துவாள். பெசன்ட் நகர் பீச்சில் உடனே படம் எடுத்துத் தருகிறவரிடம் எடுத்தபோது, வழியில் போன சுண்டல்காரரைப் பிடித்து நிறுத்தினாள். அவர் தூக்குவாளியோடு எங்கள் பக்கத்தில் நின்று, எங்களைவிட அழகாகச் சிரித்தார். வீட்டுக்கு வருகிறவர்கள், "இது யாரு, உன் தம்பியா?" என்று அம்மாவைக் கேட்பார்கள். அம்மா ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை.

படம் பற்றி நானாகக் கற்றுக்கொண்டதும் ஒன்று உண்டு. எதிர்வீட்டுப் பெரியவர் படுக்கையில் கிடந்தபோது, அவருடைய பிள்ளைகள் திடீரென்று ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவந்தார்கள். சட்டை மாட்டி, முதுகுக்குத் தலையணை வைத்து, பளிச் என்று ஒரு படம். கொஞ்ச நாளில் அந்தப் படம் மாலையோடு சுவருக்குப் போய்விட்டது. சிவப்பு பல்பு போட்டவர் எங்கள் அப்பாதான். அவசரமாகப் படம் எடுக்கிறார்கள் என்றால் யாரோ போகப்போகிறார்கள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்தது. சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் ராயப்பேட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு இரண்டு பேரும் உள்ளே போனார்கள். வெளியே வந்தபோது அம்மா கையில் ஒரு சீட்டு இருந்தது. அப்பாவின் கண் சிவந்திருந்தது. துண்டால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாடா, இன்னிக்கே கேமரா வாங்கிடலாம்."

"தீபாவளிக்குன்னு சொன்னியே?"

"அதுக்கெல்லாம் டைம் இல்லடா" என்று சொல்லிவிட்டு அப்பா கைதட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினார்.

எங்கள் வீட்டில் ஆட்டோ என்பது கால் உடைந்தால் ஏறுவது. அம்மாவுக்கு என்ன என்று கேட்க வேண்டும். அவள் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தேன், எல்லாம் இங்கிலீஷ் கிறுக்கல். அம்மா நடுவில் உட்கார்ந்து, காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தாள். பள்ளம் வரும்போதெல்லாம் அப்பா, "மெதுவாப் போ நைனா, மெதுவா" என்று ஓட்டுகிறவரைக் கெஞ்சினார்.

தி.நகரில் இறங்குவதற்குள் நான் ஒன்று தீர்மானித்திருந்தேன். கேமரா வாங்கினால்தானே படம் எடுப்பார்கள்? வாங்க விடக் கூடாது.

அது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. டை கட்டிய ஒருவர் ஒரு கேமராவை எடுத்துக் கொடுத்தார். அப்பா வாசல் பக்கம் திருப்பி, போகிற ஒரு அம்மாவைக் குறிவைத்து அமுக்கினார். படத்தில் அந்த அம்மாவின் ஒரு செருப்பு மட்டும் இருந்தது.

"அப்பா, இது வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அமுத்துனப்பறம் எவ்ளோ நேரம் கழிச்சு எடுக்குது பாரு."

"தம்பி சொல்றது கரெக்ட் சார். இந்த விலைல லேட்டாதான் எடுக்கும்" என்றார் டைக்காரர்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாமே உம் புள்ளைய! பேசவே மாட்டான்னியே!"

அடுத்ததற்கு சார்ஜ் போட வேண்டுமாம். "நம்ம வூட்ல கரண்டு போனா இன்னா பண்றது?" என்றேன். அதற்கடுத்தது கனம் என்றேன். இன்னொன்றில் அம்மா கறுப்பாக விழுகிறாள் என்றேன். "நான் கறுப்புதானேடா" என்றாள் அம்மா. கடைசியாகக் காட்டியதில் எனக்கு ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. ஆனால் அதன் விலையைக் கேட்டதும் அப்பாவே அதைக் கண்ணாடி மேல் மெல்ல வைத்துவிட்டார். நான் மூச்சு விட்டேன்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வாசலில் நிற்கும்போது அப்பாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கைமாறி வரும் கேமராக்களை விற்கிற ஒரு பாய் கடையை மண்டபத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கே? ராயப்பேட்டையில், காலையில் நாங்கள் புறப்பட்ட ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி. மறுபடியும் ஆட்டோ. மறுபடியும் மெதுவா, மெதுவா.

ஒடுக்கமான மாடிப்படி. அப்பா அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றினார். ஊரறிய அவர் அம்மா கையைப் பிடித்து நான் அதுவரை பார்த்ததில்லை. மேலே ஒரு அறை, ஒரு மேசை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய பாய். இருந்த ஒரே நாற்காலியை அம்மாவுக்குப் போட்டு, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார். "துபாய்லேர்ந்து வர்றவங்க வித்துட்டுப் போறது. எல்லாம் நல்ல சரக்கு" என்று மேசை மேல் வரிசையாகப் பரப்பினார்.

நான் வேலையை ஆரம்பித்தேன். ஒன்றின் திரையில் கீறல். ஒன்றின் செல் மூடி ரப்பர் பேண்டில் நிற்கிறது. ஒன்றில் சுவர் பச்சையாக விழுகிறது. அப்பா ஒவ்வொன்றையும் ஆசையோடு எடுப்பதும், நான் சொன்னதும் கீழே வைப்பதுமாக இருந்தார்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி எல்லாத்தையும் கழிச்சுக்கினே போறான்!" என்றார் பாய். "எங்கியோ வேலை கத்துக்கிறானா?"

"இல்ல பாய். தானா வர்து அவனுக்கு" என்றார் அப்பா, பெருமை தாங்காமல்.

மேசையில் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அப்போதுதான் அம்மா முதல் தடவையாகக் கேட்டாள்.

"பாய், எடுக்கறப்ப பளிச்சுனு ஒரு வெளிச்சம் வர்தில்ல, அது வராம எடுக்க முடியுமா?"

"ஃபிளாஷா? நிறுத்திக்கலாம்மா. ஏன்?"

"தூங்கறப்ப எடுத்தா கண்ணு கூசக் கூடாது. சத்தமும் வரக் கூடாது."

பாய் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அம்மாவைப் பார்த்தார். அவள் கையில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"புரியுதும்மா" என்றார் பாய், குரலைத் தாழ்த்தி. மேசையின் அடி இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு சின்ன வெள்ளிக் கேமராவை எடுத்தார். "இத யாருக்கும் காட்டாம வெச்சிருந்தேன். பென்சில் செல்லுதான். ராத்திரி பல்பு வெளிச்சமே போதும். சத்தத்தையும் நிறுத்திடலாம். விலையப் பத்தி யோசிக்காதீங்க, பாத்துப் போட்டுக்கலாம்."

பாய்க்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லாவிட்டால் ஏன் குரல் இறங்க வேண்டும்? ஏன் விலையை விட்டுக்கொடுக்க வேண்டும்? தூங்குகிறவர்களை யார் படம் எடுப்பார்கள்? தலையணையில் சாய்ந்து கிடந்த எதிர்வீட்டுப் பெரியவர் கண் முன்னால் வந்தார். அந்தக் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறல் இல்லை. மூடி கெட்டி. கனமில்லை. குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை.

"மூணு பேரும் இப்பிடி நில்லுங்க. ஒண்ணு எடுத்துக் காட்றேன்" என்றார் பாய்.

இதற்கு அம்மா ஒத்துக்கொள்ளமாட்டாள் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. அவள் சட்டம் அப்படி. ஆனால் அம்மா எழுந்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, சுவரோரம் போய் நின்றாள்.

"அம்மா, மூணு பேரு!" என்று கத்தினேன்.

"தெரியும் கண்ணு. வா, வந்து நில்லு."

"பாய், நீங்களும் வாங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் வந்தா அமுத்தறது யாரு நைனா?"

கீழே தெருவில் டீ கேன் தூக்கிப் போகிறவர் தெரிந்தார். அவரைக் கூப்பிடப் படிக்கு ஓடினேன். அம்மா எட்டி என் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "யாரும் வேணாம்டா இன்னிக்கு. நம்ம மட்டும் போதும்" என்றாள். அந்த நொடியில் பாய் அமுக்கிவிட்டார். வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை.

எல்லோரும் குனிந்து பார்த்தோம். படத்தில் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். நான் வாயைத் திறந்தபடி மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி மூஞ்சி சரியில்ல. அழிச்சுட்டு வேற எடுக்கவா?" என்றார் பாய்.

"அழிங்க! அழிச்சுடுங்க!" என்றேன். அழுகை வெளியே வந்துவிட்டது.

"வேணாம் பாய், இருக்கட்டும்" என்றாள் அம்மா. என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். "இன்னாத்துக்குடா அழற? மூணு பேருன்னா? இங்க பாரு, எண்ணிக் காட்றேன்."

திரையில் விரலை வைத்தாள். அப்பா மேல் வைத்து, "ஒண்ணு." என் மேல் வைத்து, "ரெண்டு." தன் மேல் வைத்து, "மூணு." பிறகு விரலை வேறெங்கும் நகர்த்தாமல், அதே இடத்தில் கொஞ்சம் கீழே இன்னொரு தரம் தட்டி, "நாலு" என்றாள். "சரியாத்தான் கீது."

அப்பா சத்தமாகச் சிரித்தார். பாயும் சிரித்துக்கொண்டே கேமராவுக்கு ஒரு உறையைத் தேடினார். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கேமராவை என் மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே திரும்பத் திரும்ப எண்ணினேன். எப்படி எண்ணினாலும் மூன்றுதான் வந்தது. அம்மா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள், அதனால் ஒன்றைக் கூட்டி எண்ணிவிட்டாள், கணக்குத் தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேரும் அவளைத் திருத்தாமல் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். சொல்லித்தந்திருக்கலாம். ஆனால் ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அவள் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. தப்பாக எண்ணியிருக்கிறாய் என்று சொல்ல எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.