இருக்கட்டும் டாக்டர்

சித்தப்பா எதையும் தூக்கி எறிந்தவரில்லை. கம்பி முறிந்த குடை, நின்றுபோன கடிகாரங்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள் எல்லாம் பரணில் பத்திரமாக இருக்கின்றன. கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். அந்தப் பரணுக்குக் கீழே நடக்கும்போது சித்தி தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்வார்.

இந்தப் பழக்கம் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர். அங்கே அவருக்கு 'இருக்கட்டும் டாக்டர்' என்று பெயர். மருந்து ஏற்ற ரத்த நாளத்துக்குள் குழாய் போடும் விதத்தில் குறை சொல்லவே முடியாது. கை கழுவி, தொப்பி, முகக்கவசம், கையுறை மாட்டி, நோயாளியைத் தலை முதல் கால் வரை கிருமி நீக்கிய துணியால் மூடிய பிறகுதான் ஊசியைத் தொடுவார். போட்டதை எடுக்கத்தான் மனம் வராது.

அப்படித்தான் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் கழுத்தில் ஒரு குழாய் தங்கிவிட்டது. விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்துக்காகப் போட்டது. மருந்து நின்று, மனிதர் எழுந்து உட்கார்ந்து, தானே சாப்பிட்டு, சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டையும் போட ஆரம்பித்துவிட்டார்.

"சார், கழுத்துக் குழாயை எடுத்துடலாமா?" என்று தலைமை நர்ஸ் தினமும் காலையில் கேட்டார்.

"இருக்கட்டும்மா. திடீர்னு தேவைப்பட்டா?"

கிருமிக்குத்தான் தேவைப்பட்டது. கட்டிலே ஆடும் அளவுக்குத் தையல்காரருக்கு நடுக்கம், காய்ச்சல். குழாயில் எடுத்த ரத்தத்திலும் கையில் எடுத்த ரத்தத்திலும் ஒரே கிருமி; குழாய் வழியாகத்தான் உள்ளே போயிருந்தது. குழாய் அன்றே வெளியே வந்தது. பிழைப்பாரா என்று அவர் மனைவி சித்தியிடம் வந்து அழுதார்.

சாப்பிடும்போது சித்தி கேட்டார். "அந்தக் குழாய்ல கடைசியா என்னங்க போச்சு?"

"ஒண்ணும் போகல."

"அப்புறம் எதுக்கு வச்சிருந்தீங்க?"

"ஒரு முன்னெச்சரிக்கைக்குதான்."

"அது நம்ம பரண் இல்லைங்க. அந்த மனுஷன் கழுத்து."



மறுநாளிலிருந்து தலைமை நர்ஸ் கேள்வியை மாற்றிக்கொண்டார். "சார், இந்தக் குழாய் இன்னைக்கு எதுக்கு?" பதில் வராவிட்டால் கையுறையை நீட்டுவார்.

தையல்காரர் தப்பித்துக்கொண்டார். பாதியாக இளைத்து, தன் சட்டையைத் தானே பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு சித்தப்பா வீட்டுக்கு வந்தார். கழுத்தில் ஒரு பிளாஸ்திரி. அடியில் புண் என்றைக்கோ ஆறியிருந்தது.

"இதையாவது எடுத்துடலாமா டாக்டர்?"

சித்தப்பா வாயைத் திறந்தார். "இரு..."

மீதிக்குக் காத்திராமல் தையல்காரர் அதைப் பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தார். சித்தப்பாவின் கை தன்னையறியாமல் சட்டைப்பை பக்கம் போனது. சித்தி குப்பைக்கூடையின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவர் போடும்வரை அங்கேயே நின்றார்.