மணியையும் அவள்தான் எடுத்தாள்

பாறசாலைப் பக்கம் எங்கள் ஊரில் எந்தப் பொருள் காணாமல் போனாலும் எல்லார் கண்ணும் முதலில் என் தங்கை மேல்தான் விழும். வயது பதின்மூன்று, பார்த்தால் சின்னப் பிள்ளை. நேற்றுப் படித்த வாய்ப்பாடு இன்று அவளிடம் இருக்காது. பள்ளிக்கூடம் அவளைக் கைவிட்டபோது தெருமுனைத் தையல்கார அக்காதான் சேர்த்துக்கொண்டார். தினமும் அதே பெஞ்சு, ரவிக்கைக்கு ஹூக் வைக்கிற அதே வேலை. அது ஒன்றுதான் அவள் கையில் நின்றது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் அவளையும் அம்மாவையும் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போவேன். இவள் வயிற்றில் இருந்தபோது குடித்ததுண்டா என்று டாக்டர் கேட்டார். அம்மா கதவைப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். திரும்பும்போது நெய்யாற்றின்கரையில் பஸ் காலியானதும்தான் வாய் திறந்தாள்.

"சூளையில கல்லு சுமந்தா நடு ஒடியும் மக்கா. சாயங்காலம் எல்லாப் பெண்ணுங்களும் இத்திரி கள்ளு குடிப்போம். தப்புன்னு ஆரும் சொல்லேல்ல. நீ யாருட்டயும் சொல்லாண்டாம்."

அடுத்த முறை டாக்டரிடம் அம்மாவே சொன்னாள், அப்போதும் கதவைப் பார்த்துக்கொண்டே. அந்தக் குடி பிள்ளையின் மூளையைத் தொட்டிருக்கிறது, அடித்துத் திருத்த முடியாது, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள் என்றார் டாக்டர். "செய்தாயா என்று கேட்காதீர்கள், எதற்கும் ஆமா என்பாள்" என்றும் சொன்னார். அதை மட்டும் நான் நம்பவில்லை. எடுக்காதவள் எடுத்தேன் என்பாளா?

ஒருநாள் தையல் கடையில் ஒரு கல்யாண ரவிக்கையின் பட்டுத்துணியைக் காணோம். நான் போனபோது அதைத் தைக்கக் கொடுத்திருந்த துணிக்காரி என் தங்கையின் முன்னால் நின்றிருந்தாள்.

"அவளுக்க வாயாலேயே சொல்லியாச்சு. எடுத்து ஆத்துல போட்டாளாம். இனி என்னத்த விசாரிக்க?"

"தம்பி, கூட்டிட்டுப் போ. நாளைக்கு அனுப்பாண்டாம்," என்றார் அக்கா.

நான் தங்கையின் பாவாடை விளிம்பைப் பார்த்தேன். ஈரமில்லை. எடுத்திருப்பாளோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. டாக்டர் சொன்னதைச் சோதித்துப் பார்க்கத் துணிக்காரியின் குரலிலேயே கேட்டேன்: "பிள்ளே, சர்ச்சு மணியை எடுத்ததும் நீதானா?"

"ஆமா."

"எங்க வச்சே?"

கொஞ்சம் யோசித்தாள். "கட்டிலுக்குக் கீழ."

ஜன்னலுக்கு எதிரே கோபுரத்தில் மணி தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணனும் தங்கச்சியும் பேசி வச்சிட்டு வந்து நிக்குது," என்றாள் துணிக்காரி.

அக்காவும் என்னை நம்பவில்லை. தானே கேட்டார்: "பிள்ளே, எனக்க மெஷினை எடுத்தது ஆரு?"

"நான்தான்."

அக்காவின் கால் அந்த மெஷினின் மிதி மேல்தான் இருந்தது. மெதுவாக எழுந்து, வெட்டி வைத்திருந்த கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வேறொருத்தியின் லைனிங் துணிக்குள் பட்டு மடிந்து கிடந்தது. துணிக்காரி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், கறை இருக்கிறதா என்று. பிறகு கடையை விட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் தங்கை பழைய பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆனால் துணி அலமாரியில் புதிதாக ஒரு பூட்டு தொங்கியது.

வருகிற ஒவ்வொருத்தியிடமும் அவள் சொல்வாள்: "நான் பட்டுத்துணிய எடுத்தேன். அதுக்காக்கும் பூட்டு."

வந்தவள் தன் பையை மடியோடு இழுத்துக்கொள்வாள். அக்கா மெஷினை நிறுத்துவார்.

"இல்ல பிள்ளே. நீ எடுக்கேல்ல. நீ அன்னைக்கு ஹூக்காக்கும் வச்சே."

தங்கை தலையாட்டுவாள். அடுத்தவள் வந்ததும் அக்கா மறுபடி மெஷினை நிறுத்தவேண்டும். நிறுத்தினார். சில நாள் கழித்து அந்தப் பூட்டையும் கழற்றிவிட்டார்.