திரையில் இருந்த பெயர்

கோச்சடையில் ஒரே வீட்டில் இருந்தும் என் மகள் இரண்டு மாதமாக என்னிடம் பேசவில்லை. காரணம் புரியாமல்தான் உளப்பகுப்பாய்வு பற்றிய ஆன்லைன் பயிலரங்கில் சேர்ந்தேன்.

அதில் எழுமலை ஊரைச் சேர்ந்த விவசாயி ஒருவர் இருந்தார். நரைத்த மீசை, கழுத்தில் துண்டு. சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வார். தன் மகளின் போனிலிருந்து வருவதால் அவர் முகத்துக்குக் கீழே ‘பவித்ரா’ என்றிருக்கும்.

“பவித்ரா, மீசை அருமை! பேரை மாத்திக்கங்கண்ணே,” என்று பயிற்சியாளர் சிரித்தார்.

“வேணாம் சார். புள்ள பூச்சிமருந்தக் குடிச்சுப் போயி வருசமாச்சு. வீட்டுல யாரும் அந்தப் பேர எடுக்குறதில்ல. நீங்களாவது கூப்பிடுங்க. அம்புட்டு வேதனைய என்கிட்ட ஏன் சொல்லலன்னுதான் தேடுறேன்.”

கேமராவை அணைத்துவிட்டு என் மகளின் மூடிய கதவருகே போனேன். உள்ளே இருமினாள். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது. அவருக்கு அதுவும் இல்லை.