வேலியில் ஆடும் சேலைகள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு போகிற பஸ் வழியில் பஞ்சராகி நிற்கிறது. டிரைவரும் கண்டக்டரும் டயர் மாற்றுகிறார்கள். நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே உள்ள கடலைக் காட்டைப் பார்க்கிறேன்.

மலையிலிருந்து இறங்கும் பன்றி புகாமலிருக்க இந்தப் பக்கம் காட்டைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவார்கள். ஆனால் இங்கே கம்புக்குக் கம்பு ஆடுவதெல்லாம் கரை வைத்த நல்ல காட்டன் சேலைகள். ஒன்றுகூடக் கிழியவில்லை.

"இவ்வளவு நல்ல சேலையையா வேலிக்குக் கட்டுறாங்க?"

டீக்கடைக்கார அம்மா டம்ளரை நீட்டுகிறார். "மெட்ராஸ்ல பேங்க் வேலைய விட்டுட்டு வந்த பொம்பள காடு தம்பி. அம்புட்டும் அவிய ஆபீஸ் சேலை. மாம்பழக் கலர்ல ஒண்ண மட்டும் பெட்டியில வச்சிருக்காவ. திரும்ப வேலைக்குப் போனா கட்டணுமாம்."

"போயிருவாங்களா?"

"அந்தா, அந்த மூலையில பன்னி பூந்து பாதிக் கடலையத் தோண்டிப் போட்ருச்சு. காலையில வரப்புல உக்காந்து அழுதாவ. என்ன செய்வாவளோ."

முகம்கூடத் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்து அந்த மூலையையே பார்க்கிறேன்.

கண்டக்டர் விசில் ஊதுகிறார். ஏறி ஜன்னலோரம் உட்காருகிறேன். பம்புசெட் ரூமிலிருந்து ஒரு பெண் வெளியே வருகிறார். தோளில் மாம்பழ நிறச் சேலை, மடிப்புக் கலையாமல். நேரே அந்த மூலைக்குப் போய், ஒரே உதறாக உதறி, கம்பில் கட்டுகிறார்.

டீக்கடை அம்மா ரோட்டுக்கே ஓடி வந்து கத்துகிறார்:

"ஏட்டி, முடிச்ச நல்லா இறுக்கிப் போடு!"