வாசம் இருக்கிறதா என்று கேட்ட அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேராவது மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்து, அடியில் எண் ஒட்டிய கிண்ணத்தில் மொச்சைக் குழம்பு சாப்பிட்டிருப்பீர்கள். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லி எங்கள் அக்காவிடம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். அந்தக் குரல் அடங்கி ஓராண்டு ஆகிறது. தங்கை என்ற முறையில் எழுத உட்கார்ந்தால் எழுத்துக்கு முன்னால் கண்ணீர்தான் வருகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் இதே மர்பி டவுனில்தான். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். அக்கா பள்ளியில் படிக்கும்போதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து எங்கள் இருவரையும் ஆளாக்கினார். அக்காவுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது சித்தப்பா கேட்ட கேள்வி உறவினர்களுக்கு நினைவிருக்கும்.

"நம்ம வீட்ல துளசிச் செடி வைக்கவே இடமில்ல. நீ போய் வெவசாயம் படிக்கிறியா?"

"அதான் சித்தப்பா, ஊரான் நெலத்துல போய்ப் படிக்கிறேன்" என்றார் அக்கா.

விடிந்ததும் கிளம்பி, பஸ் மாறி மாறி ஊரின் வடக்குக் கோடிக்குப் போவார். மாலையில் செருப்பெல்லாம் செம்மண்ணாக வந்து நிற்பார். வாசலைக் கூட்டியவள் நான் என்பதால் அந்த மண்ணின் நிறம் எனக்கு நன்றாகத் தெரியும்.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது அக்காவால் வீடு திரும்ப முடியவில்லை. கூடப் படித்த கன்னடப் பெண் ஒருவர், மாகடிப் பக்கத்துக்காரர், அவரைத் தம் ஊருக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்டார். இங்கே அம்மா சோறு இறங்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். கலவரம் அடங்கி அக்கா திரும்பியபோது கையில் ஒரு பை நிறைய அவரேகாய் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், பச்சை மொச்சையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். பனிக்காலத்தில் மட்டும் காய்க்கும். உரித்தால் விரலில் பிசுபிசுப்பும் வாசமும் ஒட்டிக்கொள்ளும், சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அந்த வாசத்தைக் கன்னடத்தில் சொகடு என்பார்கள்.

"நான் பயந்துட்டே இருந்தேனா, அந்த வீட்டு அம்மா தெனமும் ஒரு மொறம் காய எதிர்ல கொட்டி, உரிச்சுக் குடும்மான்னாங்க. உரிக்க உரிக்க பயம் போயிடுச்சு" என்றார் அக்கா.

படித்த பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியரான பிறகு அந்தக் காய்தான் அவருடைய ஆராய்ச்சியானது. பனிக்காலத்துக்குக் காத்திருக்காமல் எந்தப் பருவத்திலும் காய்க்கும் மொச்சை ரகங்களை உருவாக்கும் முயற்சி அப்போது நடந்துகொண்டிருந்தது. காய் வந்தது, வாசம் வரவில்லை. வருடம் முழுக்கக் காய்க்கவும் வேண்டும், கையில் வாசம் ஒட்டவும் வேண்டும் என்பதற்காக அக்கா தம் உழைப்பு முழுவதையும் கொடுத்தார். பூவுக்குப் பூ மகரந்தம் சேர்த்து, விதைத்து, வாசமில்லாததைக் கழித்து, மறுபடி விதைத்துக்கொண்டே இருந்தார்.

பல்கலைக்கழகத்தில் முறைப்படி சுவைத்துப் பார்ப்பார்கள். அது போதாதென்று, எது எந்த ரகம் என்று தெரியாதபடி கிண்ணங்களில் எண் ஒட்டி, வீட்டிலும் எங்களை உட்கார வைத்துவிடுவார். அம்மாவோ கிண்ணத்தைப் பார்க்கவே மாட்டார். அக்காவின் முகத்தைப் பார்த்து, எது மகளுடைய ரகம் என்று கண்டுபிடித்து, அதையே புகழ்வார். அதனால் நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா தெருவில் போய் நின்றுகொள்வார்.

பெண் பார்க்க வந்தவர்களுக்கும் இதே கதிதான். பஜ்ஜி, கேசரியோடு எண் ஒட்டிய கிண்ணங்களும் வந்தன. மாப்பிள்ளையாக வந்தவர் தொழிற்சாலையில் உதிரி பாகங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தார். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டுலயும் வாசம் கம்மிங்க" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அவர்கள் வண்டியேறியதும் அக்கா, "கட்டினா இவரத்தான் கட்டுவேன்" என்றார். அப்படித்தான் அவர் எங்கள் மாமா ஆனார்.

குழந்தை இல்லாத குறையை அக்கா வெளியில் காட்டியதில்லை. மாணவிகளைத்தான் பிள்ளைகளாக நினைத்தார். பண்டிகை நாளில் விடுதியில் ஒரு பிள்ளையையும் பட்டினி கிடக்க விடமாட்டார்.

புற்றுநோய் என்று தெரிந்தபோது எல்லாம் முற்றியிருந்தது. மருந்து ஏற ஏற முடி கொட்டியது, உடம்பு கரைந்தது. அதற்கெல்லாம் அழாத அக்கா, காபி மணம் தெரியவில்லை என்று ஒரு காலையில் அழுதார். மூக்கு முற்றிலும் விட்டுப்போயிருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு மாணவி காய் கொண்டுவந்தார். பருவமில்லாத பருவத்தில் கொத்துக் கொத்தாகக் காய்த்த புது ரகத்தில் பறித்தது. அக்கா அதை நம்பித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். படுக்கையில் இருந்தபடியே ஒரு காயை உரித்து, விரலை அம்மாவிடம் நீட்டினார்.

"வாசம் இருக்காம்மா?"

"கமகமன்னு இருக்குடி என் கண்ணு."

அக்காவின் முகம் மலர்ந்தது. ஆனாலும் மாமா பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றார்.

மாமா அந்த விரலைப் பிடித்து முகர்ந்தார். வெகுநேரம் விடவில்லை. பிறகு, "இல்லம்மா. வாசம் இல்ல" என்றார்.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. சிறிது நேரம் கழித்து மாணவியை அருகே கூப்பிட்டு, "இத விட்ரு. காய்ப்பு கம்மின்னு ஒதுக்கி வச்சோமே, அந்த வெதய எடுத்துப் போடு" என்றார். அவர் சொன்ன கடைசி ஆராய்ச்சிச் சொல் அதுதான்.

அடுக்களையில் அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டார். "சாகக் கெடக்கற பொண்ணு. ஒரு பொய் சொன்னா என்ன கொறஞ்சு போயிடுவீங்க மாப்ள?" ஆனியில் அக்கா கண்ணை மூடினார். அதற்குப் பிறகும் அம்மா மாமாவுக்குச் சோறு போட்டாரே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை.

சிகிச்சை தந்த மருத்துவர்கள், பெற்ற தாய்போல் கழுவித் துடைத்த செவிலியர்கள், தோளில் சுமந்த மர்பி டவுன் தெருக்காரர்கள், அன்று அடைக்கலம் தந்த மாகடித் தோழி, இன்றும் வயலில் நிற்கும் மாணவிகள், அனைவரையும் எங்கள் குடும்பம் கையெடுத்துக் கும்பிடுகிறது.

மாமாவுக்கு நன்றி சொல்ல வேண்டியவர் அம்மா. அதை அவர் தம் வழியில் சென்ற வாரம் சொல்லிவிட்டார். அக்கா போடச் சொன்ன விதையில் விளைந்த காயை அந்த மாணவி கொண்டுவந்தார். காய்ப்பு இன்னும் குறைவுதானாம், வேலை நிறைய இருக்கிறதாம். அம்மா ஒரு காயை உரித்தார். தாம் முகர்ந்து பார்க்கவில்லை. விரலை மாமாவிடம் நீட்டி, "நீங்க சொல்லுங்க மாப்ள" என்றார்.

மாமா முகர்ந்தார். "இருக்கு அத்த" என்று சொல்வதற்குள் குரல் உடைந்துவிட்டது. அம்மா அந்த விரலைத் தம் மூக்கில் வைத்துக்கொண்டு, அக்கா போன அன்றுகூட அழாத அழுகையை அழுதார்.

இன்று படையலில் வைத்திருப்பதும், உங்கள் இலையில் விழப்போவதும் அந்த மொச்சைதான். தயவுசெய்து நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். வாசம் இருக்கிறதா என்று சொல்லுங்கள். அக்கா தெருவில்தான் நின்றுகொண்டிருப்பார்.